மூணு இஞ்ச் தண்ணி

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பை வாசல்லயே விட்ருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் குட்டை. இதுல உக்காருங்க. நல்ல நேரத்துக்கு வந்தீங்க, இப்பத்தான் தூங்கி எந்திரிச்சேன். காபி போடச் சொல்லலாம்னு பாத்தா வீட்டுக்காரியைக் காணோம். பக்கத்துல எங்கயோ போயிருப்பா. இப்பல்லாம் மத்தியானம் ஆனா அப்படித்தான், பக்கத்துல எங்கயாவது போயிடுறா. வந்துருவா.

ஜெயசீலனைப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க. உங்க மொட்டைமாடி ஒழுகாம இருக்க ரப்பர் பூச வந்தவன்கிட்ட, வேலை செஞ்ச வீடு ஒண்ணு காட்டுன்னு கேட்டீங்க, அவன் என் வீட்டைக் காட்டியிருக்கான். தைரியம் பாத்தீங்களா? எத்தனையோ வீட்டுக்குப் பூசியிருக்கான். அத்தனையும் விட்டுட்டு என் வீட்டைக் காட்டுறான். அவன் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்த வாக்குமூலம் என் பீரோவுல இருக்கு. அது அவனுக்கும் தெரியும். தெரிஞ்சும் அனுப்பி வெச்சிருக்கான். சரி, வந்தது நல்லதுதான். உள்ளதைச் சொல்ல ஊர்ல ஒரு ஆள் வேணும்ல.

நான் கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைச்சும் சொல்ல மாட்டேன். முப்பத்திரெண்டு வருஷம் எடையளவு இன்ஸ்பெக்டரா இருந்தவன். தராசு இன்ஸ்பெக்டர்னு கேட்டா இந்த விருதுநகர்ல பழைய கடைக்காரங்க எல்லாருக்கும் தெரியும். படிக்கல்லைக் கையில தூக்கினா போதும், பத்து கிராம் குறையுதுன்னு சொல்லிருவேன். மண்ணெண்ணெய்க் கடைக்குச் சோதனைக்குப் போனா உள்ளயே போக மாட்டேன். வாசல்ல நிப்பேன். உள்ள டின்னுல ஊத்துற சத்தத்தை வெச்சே, முக்கால்தான் ஊத்தியிருக்கேன்னு சொல்லுவேன். கடைக்காரன் மிச்சத்தையும் ஊத்திருவான். ஏனம் நிறைய நிறைய சத்தம் மாறும் தம்பி. அடியில விழறப்ப ஒரு சத்தம், பாதியில ஒரு சத்தம், கழுத்துக்கு வந்தா வேற சத்தம். மனுஷன் பொய் சொல்லுவான், ஏனம் பொய் சொல்லாது.

சரி, மாடிக் கதைக்கு வர்றேன். முதல்ல அந்தச் சுவரைப் பாருங்க. அதுக்கு அந்தப் பக்கம் எங்க அண்ணன் வீடு. பேரு தனுஷ்கோடி, என்னைவிட அஞ்சு வயசு மூத்தவர். எங்க அப்பா ரெண்டு பேருக்கும் ஒட்டுனாப்ல ரெண்டு வீடு கட்டி, நடுவுல ஒரே சுவரா வெச்சுட்டார். என் மாடித் தளத்துக்கு வாட்டம், அதான் சரிவு, மேற்க. மேற்கன்னா அண்ணன் வீட்டுப் பக்கம். மழைத்தண்ணி வெளிய போற ஓட்டை, தூம்புன்னு சொல்லுவோம்ல, அது அந்தப் பக்கத்துக் கைப்பிடிச் சுவர்ல இருக்கு. மழை பெஞ்சா என் மாடித் தண்ணி அண்ணன் முற்றத்துல விழும். அப்பா வெச்சது. முப்பத்தஞ்சு வருஷம் விழுந்துச்சு, யாரும் ஒண்ணும் சொல்லல.

ஏழு வருஷம் முந்தி அண்ணன் முற்றத்துக்கு டைல்ஸ் போட்டார். போட்டுட்டு என்கிட்ட வந்து, டைல்ஸ்ல பாசி பிடிக்குது, தூம்பைக் கிழக்க திருப்பிக்கோன்னார். அப்பா வெச்ச தூம்பை நான் எப்படித் திருப்புறது? நியாயத்தை நீங்களே சொல்லுங்க. மாட்டேன்னுட்டேன். அவர் ஒருநாள் நான் திருச்சுழிக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தப்ப, ஏணி போட்டு ஏறி, தூம்புல சிமெண்டை வெச்சு அடைச்சுட்டார். வந்து பாத்தேன். அன்னிக்கோட எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுச்சு.

நான் சும்மா இருப்பேனா? தெருவைப் பாத்த மாதிரி கிழக்க ஒரு தூம்பை உடைச்சு வெச்சேன். ஆனா வாட்டம் மேற்கதான இருக்கு, தண்ணி மேட்டுல ஏறுமா? ஏறல. மழை பெஞ்சா மாடியில குளமா நிக்கும். நின்னு நின்னு, தளத்துல பதிச்ச தட்டோட்டுச் சந்துல இறங்கி, வீட்டுக்குள்ள ஒழுக ஆரம்பிச்சுருச்சு. ஆறு மழைக்காலம் தம்பி. இந்தக் கூடத்துல நாலு இடம், உள்ரூம்ல மூணு இடம், சாமி படத்துக்கு நேர மேல ஒண்ணு. ஒழுகுற இடத்துல எல்லாம் ஒரு சட்டி, ஒரு போசி, ஒரு வாளி. நான் இந்த நாற்காலியில உக்காந்துகிட்டே வீட்டுக்காரிகிட்ட சொல்லுவேன், "புஷ்பம், உள்ரூம் ஜன்னலோரம் போசி நிறைஞ்சிருச்சு, மாத்து"ன்னு. அவ போய்ப் பாத்தா கழுத்து வரைக்கும் நிக்கும்.

உள்பக்கத்துல இருந்து உளியை வெச்சு நாலு தட்டுத் தட்டினா அந்தச் சிமெண்ட் போயிருக்குமேன்னு நீங்க கேப்பீங்க. எல்லாரும் கேட்டாங்க. அடைச்சவர்தான தம்பி எடுக்கணும்? எதுக்கும் ஒரு முறை இருக்குல்ல.

போன வருஷம் பங்குனியில, என் வீட்டுக்காரி ராஜபுஷ்பம் எனக்குத் தெரியாம ஜெயசீலனை வரச் சொல்லிட்டா. சாத்தூர்க்காரன். ஒல்லியா இருப்பான், பேச்சு கம்மி. மாடியைச் சுத்தி ரெண்டு தடவை நடந்தான், மேற்குத் தூம்புகிட்ட குத்த வெச்சு உக்காந்தான். உக்காந்துகிட்டு, இதைத் திறக்காம எந்த ரப்பரைப் பூசினாலும் பிரயோஜனம் இல்ல சார், தண்ணி நிக்கிற தளத்துல பூசி என் பேரைக் கெடுத்துக்க மாட்டேன்னான். நான் பதில் சொல்றதுக்குள்ள பையில இருந்து உளியை எடுத்துத் தட்டிட்டான். நான் எடுக்கல, அவன் எடுத்தான். இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க.

அவன் வேலையைப் பத்தி என்ன சொல்ல? வேலை சுத்தம். அதை மறைச்சா என் நாக்கு அழுகிரும். கம்பி பிரஷ்ஷை வெச்சு ரெண்டு நாள் பாசியை மட்டும் சுரண்டினான். ஒவ்வொரு விரிசலையும் நூல் பிடிச்ச மாதிரி தேடி அடைச்சான். தளமும் சுவரும் சேர்ற மூலை இருக்குல்ல, அங்கதான் முதல்ல விடும்னு சொல்லி, அதைச் சுத்தி வலைத்துணி ஒட்டினான். அப்புறம் டப்பாவைத் திறந்தான். இட்லி மாவு பதத்துல இருந்துச்சு. வெள்ளை. ஒரு கோட்டு, அதான் ஒரு பூச்சு, தெக்கு வடக்கா இழுத்தான். காஞ்சப்புறம் இன்னொரு கோட்டு கிழக்கு மேற்கா. அது காய்ஞ்சா பெயிண்ட் மாதிரி இருக்காது தம்பி. கையை வெச்சுப் பாத்தா செருப்பு அடி மாதிரி மெத்துன்னு இருக்கும், இழுத்தா இழுபடும். மாடி முழுக்க ஒரே தோல், ஒரு ஒட்டுக்கூட இல்ல. ஏழு நாள் யாரும் கால் வைக்கக் கூடாதுன்னு கதவைச் சாத்திட்டுப் போயிட்டான். ஒரு பூனை நடந்திருக்கு. நாலு தடம் இருக்கு. அதையும் நான் எழுதி வெச்சிருக்கேன்.

எட்டாவது நாள்தான் விஷயம் ஆரம்பம். பூசினப்புறம் தூம்பை எல்லாம் அடைச்சு, மாடியில தண்ணியை நிறுத்தி, மூணு நாள் பாக்கணும். ஒழுகலைன்னா வேலை பாஸ். இது அவன் சொன்ன முறைதான். ஆனா சொன்னவனே பின்வாங்குறான். ஊரே தண்ணிக்கு அலையுது சார், நல்லாருக்காது, மழை வந்ததும் பாத்துக்கலாம்ங்கிறான்.

அவன் சொன்னதும் பொய் இல்ல. அதுக்கு முந்தின ஐப்பசியில மழை சரியாப் பெய்யல. நகராட்சித் தண்ணி பன்னெண்டு நாளைக்கு ஒரு தடவை வந்துச்சு. இந்தத் தெருவுல பாதிப் போர் மாசியிலயே நின்னுபோச்சு. அண்ணன் வீட்டுப் போரும் நின்னுபோச்சு. அவர் நூத்தி எண்பது அடி போட்டார், நான் நானூத்தி இருபது. அப்பவே சொன்னேன், ஆழமாப் போடுங்கன்னு. கேக்கல. இப்ப என் போர்ல தண்ணி வருது, அவர் போர்ல காத்து வருது. அந்தச் சமயம் பாத்து அவர் பொண்ணு பொன்செல்வி பிரசவத்துக்கு வந்து, பொம்பளப் புள்ளை பிறந்து இருபது நாள். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு எவ்வளவு தண்ணி வேணும்னு எனக்கு எங்க தெரியும்? புஷ்பம்தான் சொன்னா. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு நான் கேக்கல.

ஒரு ஓஸ் பைப்பைச் சுவத்துக்கு மேல போட்டுவிடவான்னு ஒரு நாள் கேட்டா. அவர் வந்து கேக்கட்டும், போடலாம்னேன். வரல. தொண்டை காஞ்சாலும் கேக்க மாட்டார். வீம்பு. எங்க குடும்பத்துல அவருக்கு மட்டும் இந்த வீம்பு எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியல.

சோதனைன்னா சோதனைதான்னு நான் ஜெயசீலன்கிட்ட கண்டிப்பாச் சொல்லிட்டேன். ரெண்டு தூம்பையும் சாக்கும் களிமண்ணும் வெச்சு அடைச்சான். மோட்டாரைப் போட்டேன். மூணு இஞ்ச் தண்ணி, எழுபத்தஞ்சு மில்லிமீட்டர். தெருவுல போறவங்க எல்லாம் அண்ணாந்து பாத்தாங்க. நான் படிக்கட்டு வாசல்ல, தண்ணிக்குள்ள ஒரு இரும்பு ஸ்கேலை நட்டக்குத்த நிறுத்தி வெச்சேன். எனக்குக் கால்ல சேத்துப்புண், ஈரம் ஆகாது. தண்ணிக்குள்ள இறங்க மாட்டேன். வாசல்ல நின்னே காலையில ஆறு மணிக்கு ஒரு அளவு, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு அளவு, நோட்டுல எழுதினேன்.

முதல் நாள் காலையில எழுபத்தஞ்சு. சாயங்காலம் ஐம்பத்தாறு.

 கூப்பிட்டேன் ஜெயசீலனை. வெயில் குடிச்சிருக்கும் சார்னான். நான் விடுவேனா? வெயில் எவ்வளவு குடிக்கும்னு பாக்கத்தான் பக்கத்துலயே ஒரு பேசின்ல தண்ணி வெச்சிருந்தேன். அதுல எட்டு மில்லிமீட்டர்தான் குறைஞ்சிருந்துச்சு. பத்தொன்பதுல எட்டு போனா பதினொண்ணு. பதினோரு மில்லிமீட்டர் என் மாடிக்கு எவ்வளவு? எழுநூறு லிட்டர். எழுநூறு லிட்டர் எங்கடா போச்சுன்னேன். வீட்டுக்குள்ள வந்து ஒவ்வொரு மூலையா அண்ணாந்து பாத்தான். பொட்டு ஈரம் இல்ல. ஒழுகல சார்னான். ஒழுகலைன்னா தண்ணி எங்க? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்குறான்.

அடுத்த நாள் காலையில பாத்தா ஐம்பத்தஞ்சு. ராத்திரி முழுக்க ஒரே ஒரு மில்லிமீட்டர்தான். பகல்ல மட்டும் போகுது. நான் ரொம்ப யோசிச்சேன். யோசிச்சுக் கண்டுபிடிச்சேன். ரப்பர் சூட்டுக்கு விரியும். விரிஞ்சா அதுல உள்ள ஓட்டையும் விரியும். பகல்ல ஓட்டை திறக்குது, ராத்திரி மூடிக்குது. தண்ணி கூடத்துக்கு வராம சுவத்துக்குள்ள இறங்குது. இதை ஜெயசீலன்கிட்ட சொன்னேன்.  அப்படியும் இருக்கலாம் சார்னான். அப்பவே ஒத்துக்கிட்டான் பாருங்க.

புஷ்பம் இந்த விஷயத்துல எனக்கு ரொம்ப ஒத்தாசை. அதையும் சொல்லணும். சாதாரணமா மத்தியான வெயில்ல மாடிப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டா. அந்த மூணு நாளும், நான் ஒண்ணரைக்குப் படுத்ததும் மேல போயிருவா. காக்கா குளிச்சு அசிங்கம் பண்ணுது, உங்க தண்ணியை நான் பாத்துக்கிறேன்னு சொன்னா. நான் மூணரைக்கு எந்திரிக்கிறப்ப இறங்கி வருவா. சேலை முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருக்கும். காக்கா விரட்டுறதுன்னா சும்மாவா?

ரெண்டாவது நாள் நான் சரியாத் தூங்கல. கண்ணு தூங்கினாலும் காது தூங்காதுல்ல. அந்தப் பக்கத்து முற்றத்துல டிரம்முல தண்ணி விழுற சத்தம். முதல்ல டம்முனு, அப்புறம் கொளகொளன்னு, அப்புறம் கழுத்துச் சத்தம். ஒரு டிரம் நிறைஞ்சு இன்னொண்ணு. அண்ணன் தண்ணி லாரியைக் கூப்பிட்டிருப்பார்னு நினைச்சேன். இந்தச் சந்துக்குள்ள லாரி நுழையாது. இருந்தாலும் அப்படித்தான் நினைச்சேன். காலையில இருந்து கத்திக்கிட்டிருந்த குழந்தை, கொஞ்ச நேரத்துல அழுகையை நிறுத்திருச்சு. குளிப்பாட்டியிருப்பாங்க. அப்புறம் எனக்கும் நல்ல தூக்கம்.

அன்னிக்குச் சாயங்காலம் முப்பத்தாறு. மூணாவது நாள் சாயங்காலம் பதினேழு.

ஜெயசீலன் வந்தான். நான் நோட்டை நீட்டினேன். படிச்சுப் பாத்துட்டு பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டுத் தண்ணிக்குள்ள இறங்கினான். பாதத்தை வெச்சுத் தடவித் தடவி மாடி முழுக்க நடந்தான். கிழக்க ஒண்ணும் இல்ல, தெக்க ஒண்ணும் இல்ல. மேற்குத் தூம்புகிட்ட போய்க் குனிஞ்சான். குனிஞ்சவன் நிமிரல. அப்புறம் கைப்பிடிச் சுவத்துக்கு மேல தலையை நீட்டி அண்ணன் வீட்டு முற்றத்தைப் பாத்தான்.  அவன் திரும்பினா எனக்குப் பின்னாடி படிக்கட்டுல புஷ்பம் நிக்கிறா. அவளையும் ஒரு தடவை பாத்தான். வியர்த்து விறுவிறுத்து வந்தான்.

"என் தப்புதான் சார்"னான். "மேற்கு மூலையில ஒரு கோட்டு பத்தல. நாளைக்கு வந்து பூசித் தர்றேன்."

கையும் களவுமா மாட்டிக்கிட்டான். நான் விடல. எழுதிக் குடுன்னேன். அங்கயே உக்காந்து எழுதினான். இருங்க, எடுத்துட்டு வர்றேன். இந்தாங்க, படிங்க. 'மேற்கு மூலையில் நீர் குறைந்ததற்கு நானே பொறுப்பு. இதில் வேறு யாருக்கும் சம்பந்தம் இல்லை.' வேறு யாருக்கும்னு எதுக்கு எழுதினான்னு தெரியல, நான் கேக்காத வரி. கீழ கையெழுத்து, தேதி. இப்படிப்பட்டவனுக்குப் புஷ்பம் அன்னிக்கு என்ன போட்டா தெரியுமா? எனக்கு வெச்சிருந்த அயிரை மீன் குழம்பை ஊத்தி, ரெண்டு முட்டையும் பொரிச்சு வெச்சா. சாப்பிடறப்ப அவன் இலையைப் பாத்துக்கிட்டிருக்கான், இவ முந்தானையால கண்ணைத் துடைக்கிறா. நல்ல வேலைக்காரன் இப்படிப் பண்ணிட்டானேன்னு அவளுக்கும் வருத்தம் இருக்கும்ல.

இப்ப தண்ணியை வெளியேத்தணும். ஜெயசீலன் தலையைச் சொறிஞ்சான். கிழக்க திறந்தா வாட்டம் இல்ல சார், மேற்கதான் திறக்கணும், உங்க அண்ணன் முற்றத்துல விழும், வேணாம்னா வாளியில அள்ளித் தெருவுல ஊத்திடுறேன்னான். எதுக்கு அள்ளணும்? பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி எனக்கு இருந்துச்சு. ஆறு வருஷம் என் வீட்டுக்குள்ள ஒழுகுச்சுல்ல? ஒரு நாள் அவர் டைல்ஸ்ல விழட்டும். நானே திறக்கிறேன்னு சொல்லிட்டு, சேத்துப்புண்ணைக்கூடப் பாக்காம தண்ணிக்குள்ள இறங்கிட்டேன்.

தூம்புல கையை விட்டா சாக்கையும் காணோம், களிமண்ணையும் காணோம். சேலைத் துணியைப் பந்தாச் சுருட்டி அடைச்சிருக்கு. அரக்குல மஞ்சள் புள்ளி போட்ட சுங்குடி. புஷ்பத்தோட சேலை. கிழிஞ்சுபோச்சுன்னு தூக்கிப்போட்டேன்னு சொல்லியிருந்தா. ஜெயசீலன் அதை எடுத்து வெச்சு அடைச்சிருக்கான். ஒரு வார்த்தை கேக்க வேணாம்? அதையும் குறைகள்ல ஒண்ணா எழுதியிருக்கேன். எட்டாவது குறை.

இழுத்தேன். தண்ணி கிளம்புச்சு. டைல்ஸ்ல விழுந்தா சளார்னு கேக்கணும். காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். கேக்கல. டம்முனு கேட்டுச்சு. காலி டிரம். எட்டிப் பாத்தா முற்றத்துல டிரம்மு, அண்டா, குடம், குழந்தையைக் குளிப்பாட்டுற தொட்டி முதக்கொண்டு வரிசையா வெச்சிருக்காங்க. டைல்ஸ் நனையக் கூடாதுன்னு எப்படி ஏற்பாடு பாருங்க. நான் இன்னிக்குத் திறப்பேன்னு அவருக்கு எப்படித் தெரியும்? எங்க அண்ணனுக்கு எதுன்னாலும் முன்கூட்டியே மூக்கு வேர்த்துரும்.

அண்ணன் கீழ நின்னார். துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, டிரம்மைப் பிடிச்சுக்கிட்டு. தலை முழுக்க நரைச்சிருந்துச்சு. ஆறு வருஷமா மேல இருந்து பாக்கலல்ல, எனக்குத் தெரியல. முதல் டிரம் கழுத்துக்கு வந்துச்சு. அப்ப அண்ணாந்து என்னைப் பாத்தார். ஆறு வருஷத்துல முதல் வார்த்தை.

"பொறுடா. ஏனத்தை மாத்திக்கிறோம்."

அவர் சொன்னதுக்காக இல்ல தம்பி. தண்ணியை விட்டு விட்டுத்தான் வெளியேத்தணும், ஒரே வேகமாப் போனா மூலையில ரப்பர் உரிஞ்சுக்கும். இது நானா யோசிச்சது. அதனால தூம்பு வாயில என் காலை வெச்சு அடைச்சேன். உள்ளங்கால்ல தண்ணி முட்டுச்சு. புண்ணு எரிஞ்சுச்சு. அவர் நிறைஞ்ச டிரம்மை நகத்த முடியாம, அவர் சம்சாரம், எங்க மதினியும் பொன்செல்வியும் வந்து பிடிச்சாங்க. அடுத்த டிரம்மை வெச்சுட்டு, "ம்"முன்னார். நான் காலை எடுத்தேன். அது நிறைஞ்சதும் சொல்லாமலே நான் காலை வெச்சேன். சத்தத்துலயே தெரியும்ல எனக்கு. அப்புறம் அவரும் சொல்லல, நானும் கேக்கல. வெக்கிறது, எடுக்கிறது. நாலு டிரம்மு, ரெண்டு அண்டா, மிச்சம் எல்லாம் குடம். எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு.  வெயில்னு நினைக்கிறேன்.

அந்தப் பக்கத்துல இருந்து சண்டைக்கு ஒரு வார்த்தை வரல. அவருக்கு அது சரியான பாடம். மறுநாள் புஷ்பம் ஒரு தூக்குல சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து வெச்சா. கோயில்ல குடுத்தாங்கன்னா. எங்க மதினி பொங்கல்ல பச்சைக் கற்பூரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். இதுலயும் அப்படித்தான் இருந்துச்சு. எந்தக் கோயில்னு நான் கேக்கல. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜெயசீலன் சொன்னபடி வந்து மேற்கு மூலையில இன்னொரு கோட்டு பூசிட்டுப் போனான். ஐப்பசியில மழை கொட்டுச்சு, அஞ்சே நாள், ஆனா நல்ல மழை. பொட்டு ஒழுகல. சட்டி, போசி எல்லாம் அடுப்படிக்குப் போயிருச்சு. மேற்குத் தூம்புக்கு அண்ணனே ஒரு குழாயை மாட்டி அவர் வீட்டுத் தொட்டிக்கு விட்டுக்கிட்டார். என்னை ஒரு வார்த்தை கேக்கல. சரி, போகட்டும்னு விட்டுட்டேன்.

இந்தா, வந்துட்டா. புஷ்பம், இந்தத் தம்பிக்கு ஒரு காபி. ஜெயசீலனைப் பத்திக் கேக்க வந்திருக்கார். அவ தோள்ல என்ன ஈரம்னு பாக்குறீங்களா? பாலா இருக்கும். பால் வாங்கப் போனாளோ என்னமோ. அந்தக் குழந்தைக்கு இப்ப ஒரு வயசு ஆச்சு தம்பி, எனக்குப் பேத்தி முறை. நாலு எட்டு நடக்குதாம். அஞ்சாவது எட்டுல உக்காந்துருமாம். புஷ்பம்தான் சொன்னா.

என்ன சொல்ற?

கேட்டீங்களா? 'அந்தத் தம்பி ஒரு தப்பும் பண்ணல, நம்பி வேலையைக் குடுங்க'ங்கிறா. எழுதிக் குடுத்த காகிதம் உங்க கையிலயே இருக்கு, இவ இப்படிச் சொல்றா. பொம்பளைங்களுக்கு இரக்கம் ஜாஸ்தி.

என்கிட்ட கேட்டா, குடுங்க. வேலையைக் குடுங்க. ஆனா மூணு நாள் தண்ணி நிறுத்திப் பாக்காம விடாதீங்க. ஒரு பக்கத்துல நீங்களே உக்காந்து பாருங்க, மத்தியானம் தூங்காதீங்க. இன்னொண்ணு, சித்திரை பத்தாம் தேதிக்குள்ள உங்க வேலையை முடிச்சுக்கோங்க. பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு அவன் எனக்கு வேணும். வருஷா வருஷம் தண்ணி நிறுத்திப் பாக்கணும்னு அவன்கிட்ட சொல்லிட்டேன். தேவையில்ல சார், பத்து வருஷம் தாங்கும்ங்கிறான். இப்படி எழுதிக் குடுத்தவன் பேச்சை எப்படி நம்புறது? இந்த வருஷமும் மழை பத்தல. அண்ணன் போர் போன மாசமே நின்னுபோச்சாம். இந்த நேரத்துல தண்ணியைத் திறந்து விட்டாதான அவருக்கும் உறைக்கும். அடியாத மாடு படியாது.

ஒரு மாத்தம் மட்டும் சொல்லியிருக்கேன். இந்தத் தடவை மூணு இல்ல, நாலு இஞ்ச். போன வருஷம் தண்ணி முடியறப்ப கடைசிக் குடம் பாதியோட நின்னுபோச்சு. சத்தத்துலயே தெரிஞ்சுச்சு. ரொம்ப நேரம் காதுல அதே கேட்டுக்கிட்டு இருந்துச்சு தம்பி. அளவுன்னா முழுசா இருக்கணும்.